பங்குனியில் ஒரு கபான் பந்தி: முதன்முறை போகிறவர்களுக்கு

கியூபெக்கில் எல்லோரும் சுருக்கமாகக் "கபான்" என்று சொல்வது "கபான் ஆ சுக்ர்", அதாவது சீனிக் கொட்டில். மேப்பிள் மரத்தின் நீரைச் சேர்த்துக் காய்ச்சிப் பாணியாக்கும் இடம் அது. பக்கத்திலேயே நீள மேசைகள் போட்ட சாப்பாட்டு மண்டபம் இருக்கும். மொன்றியலிலிருந்து காரில் ஒரு மணி நேரத்துக்குள் இப்படி எத்தனையோ கொட்டில்கள் உண்டு.

புதிதாகப் போகிறவர்கள் பெரும்பாலும் இரண்டு இடங்களில் தவறுகிறார்கள். பன்றி இறைச்சி பற்றி முன்கூட்டியே கேட்பதில்லை. சூப்பும் பாணும் வந்தவுடனேயே வயிற்றை நிரப்பிக்கொண்டு, கடைசியில் வரும் இனிப்புகளைப் பார்த்து முழிக்கிறார்கள். இந்த இரண்டையும் கவனித்தால் மற்றதெல்லாம் சின்ன விஷயம்.

எந்த நாளில் போவது

மேப்பிள் நீர் நினைத்த நேரத்தில் வராது. இரவில் பூச்சியத்துக்குக் கீழே, பகலில் பூச்சியத்துக்கு மேலே என்று வெப்பநிலை மாறி மாறி வர வேண்டும். இரவு -5, பகல் +5 என்றால் மிக நல்லது. இரவில் உறையும்போது மரம் வேரிலிருந்து நீரை உறிஞ்சிக்கொள்ளும். பகலில் இளகும்போது உள்ளே அழுத்தம் ஏறி, துளைத்த இடத்தால் நீர் சொட்டும். இரவும் குளிராமல் போனால் ஓட்டம் நின்றுவிடும். பகலும் உறைந்தே கிடந்தால் ஓட்டம் தொடங்கவே மாட்டாது.

பெப்ரவரிக் கடைசியில் தொடங்கி ஏப்ரல் இறுதிக்குள் முடிந்துவிடும் பருவம் இது. மொன்றியலைச் சுற்றிய பகுதிகளில் மார்ச் நடுப்பகுதியிலிருந்து ஏப்ரல் முதல் வாரம் வரைதான் உச்சம், கிட்டத்தட்ட நம்முடைய பங்குனி மாதம். மரத்தில் மொட்டு வீங்கத் தொடங்கியதும் நீரின் சுவை கெட்டுவிடும். அந்த நீரில் காய்ச்சிய பாணியைப் "பூர்ஜோன்" (மொட்டு) என்பார்கள். ஒருவித கசப்பு வாடை அடிக்கும். அதற்குமுன் தயாரிப்பாளர்கள் குழாயைக் கழற்றிவிடுவார்கள். சாப்பாடு மட்டும் அதற்குப் பிறகும் சில நாட்கள் ஓடும், ஆனால் அடுப்பு ஆறிக் கிடக்கும்.

ஆகவே முற்பதிவுக்குப் பேசும்போது ஒரு கேள்வி கேளுங்கள்: "சா கூல்?" நீர் ஓடுகிறதா என்று பொருள். இந்தக் கேள்வியைக் கேட்டால் மறுமுனையில் பேசுகிறவரின் குரலே மாறும். கொட்டிலின் கூரை உச்சியில் ஒரு திறப்பு இருக்கும். அதன் வழியே வெள்ளை ஆவி கிளம்பினால் உள்ளே பாணி காய்ச்சுகிறார்கள். ஆவியே வராத கபான்களில் சில, பாணியை வெளியே வாங்கி விருந்து மட்டும் நடத்துபவை. அது குற்றமில்லை, ஆனால் முதல் முறை போகிறவருக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன்.

உயிர்த்த ஞாயிறு வார இறுதியைத் தவிருங்கள். கூட்டம் நெரியும், பரிமாறுகிறவர்கள் ஓடிக்கொண்டே இருப்பார்கள். வார நாளில் மதியம் போனால் காய்ச்சுகிறவரிடம் நின்று பேசவும் நேரம் கிடைக்கும்.

எங்கே

மொன்றியலுக்குத் தென்கிழக்கே மோன் சான் கிரெகுவார் மலையடிவாரம், வடமேற்கே மிராபெல் சுற்றுவட்டாரம், மேற்கே ரிகோ. இந்த மூன்று திசையிலும் கபான்கள் கொட்டிக் கிடக்கின்றன. ரிகோவில் உள்ள சுக்ரரி த லா மோந்தாஞ் ஆண்டு முழுதும் திறந்திருக்கும் பழைய முறைக் கபான். விருந்தினர் கோடையில் வரும்போது அது உதவும். மிராபெலில் உள்ள ஓ பியே த கோஷோன் கபான் நவீன சமையற்காரரின் விருந்துக்குப் பெயர்போனது. அங்கே இடம் கிடைப்பது கடினம், பன்றியிறைச்சியும் வேறெங்கையும்விட அதிகம். முதல் முறைக்கு ஏதாவது ஒரு குடும்பக் கபானே போதும்.

பொதுப் போக்குவரத்தை நம்ப வேண்டாம். காட்டுக்குள் பேருந்து போகாது. ரொறொன்ரோவிலிருந்து வருவோருக்கு மொன்றியலே ஏறக்குறைய 540 கிலோமீற்றர். ஒரு நாளில் போய்த் திரும்ப நினைக்காதீர்கள். ஒன்ராறியோவிலும் மேப்பிள் தோட்டங்கள் இருக்கின்றன, ஆனால் அங்கே பெரும்பாலும் பான்கேக்கும் சொசேஜும் தட்டில் கொடுத்து அனுப்புவார்கள். உட்கார்ந்து இரண்டு மணி நேரம் உண்ணும் பந்தி கியூபெக்கின் வழக்கம்.

முற்பதிவும் பன்றியும்

வார இறுதியில் சாப்பாடு பந்தி பந்தியாக நடக்கும்: 11 மணி, 1 மணி என்று நேரம் குறித்திருப்பார்கள். பத்துப் பேருக்கு மேல் போனால் மூன்று வாரம் முன்பே பதியுங்கள். முற்பணம் வாங்குகிறார்களா, அட்டை எடுப்பார்களா, காசுதானா என்று கேட்டு வையுங்கள். சில இடங்களில் வைனோ பியரோ நாமே கொண்டுபோகலாம், சில இடங்களில் கூடாது.

விலைப்பட்டியலைப் பார்க்கும்போது ஒன்றைக் கணக்கில் எடுங்கள். பெரியவருக்கு 35 டொலர் என்று போட்டிருந்தால் அது வரிக்கு முந்திய விலை. மத்திய வரி 5 வீதமும் கியூபெக் வரி 9.975 வீதமும் சேர்ந்து 5.24 டொலர். பரிமாறுகிறவருக்கு வரிக்கு முந்திய தொகையில் 15 வீதம் வைத்தால் 5.25. ஆளுக்கு 45.50 அளவில் போகும். பிள்ளைகளுக்கு வயதுப்படி விலை குறையும்.

இப்போது முக்கியமான விஷயம். "பன்றித் துண்டுகளை ஒதுக்கிவிட்டு மற்றதைச் சாப்பிடுகிறேன்" என்பது கபான் மேசையில் நடக்காது. மஞ்சள் பட்டாணி சூப் பன்றித் தொடை எலும்பு போட்டு அவிந்தது. வெள்ளை பீன்ஸ், பெயரே "ஃபேவ் ஓ லார்", அதாவது பன்றிக் கொழுப்போடு பீன்ஸ். உருளைக்கிழங்கைக் கொழுப்பில் பொரித்திருக்கலாம். ஒம்லெட்டில் ஹாம் துண்டு கிடக்கலாம். பழையபடி சமைக்கும் இடங்களில் இனிப்புப் "பை" (மாவுக்கூட்டில் சுடும் பலகாரம்) மாவிலும் பன்றி நெய் சேரும். ஹாம், சொசேஜ், பாணில் பூசும் கிரெத்தோன் பற்றிச் சொல்லவே தேவையில்லை.

சைவர்களும் முஸ்லிம்களும் மாட்டு, பன்றி உணவை விலக்குகிறவர்களும் முற்பதிவின்போதே இந்தச் சொற்களைச் சொல்லுங்கள்: "சான் போர்" (பன்றி இல்லாமல்), "வெஜெதாரியன்", "சான் சேன்டூ" (பன்றி நெய் இல்லாமல்). "வெஜெதாரியன் இருக்கிறது" என்ற பதிலோடு நின்றுவிடாதீர்கள். சூப்பில் எலும்பு போடுகிறீர்களா, பீன்ஸ் தனியாகச் செய்கிறீர்களா, கிரெப்பை (மெல்லிய பான்கேக்) எதில் சுடுகிறீர்கள் என்று மூன்று கேள்வி கேளுங்கள். இறைச்சித் துண்டு தட்டில் இல்லையென்றால் அதுவே சைவம் என்று நினைக்கும் சமையற்காரர் இன்னும் இருக்கிறார். தனிச் சைவப் பந்தியும் ஹலால் இறைச்சியும் தரும் கபான்களும் இருக்கின்றன, இரண்டு மூன்று இடம் கேட்டால் அகப்படும்.

உடுப்பும் வழியும்

வெளியே உருகும் பனி, உள்ளே அடுப்புச் சூடு. ஒரே தடித்த ஜக்கெட்டைவிட மூன்று மெல்லிய உடுப்பு நல்லது. காலுக்குத் தண்ணீர் புகாத உயரமான பூட்ஸ்தான் வேண்டும். பங்குனிச் சேறு கணுக்காலைத் தாண்டும். வெள்ளைச் சப்பாத்தோடும் பட்டுச் சேலையோடும் வந்து வாசலிலேயே நிற்கிறவர்களை ஆண்டுதோறும் பார்க்கலாம். குழந்தைத் தள்ளுவண்டியின் சில்லு சேற்றில் புதையும், தூக்குப்பை கொண்டு போங்கள். மாற்றுக் காலுறை இரண்டு சோடி காரில் இருக்கட்டும்.

கியூபெக்கில் பதிந்த கார்களுக்குக் குளிர்கால ரயர் கட்டாயமான காலம் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை. 16ஆம் தேதியே மாற்றிவிடாதீர்கள். ஏப்ரலிலும் பனி கொட்டும், கபானுக்குப் போகும் கடைசி ஒரு கிலோமீற்றர் பெரும்பாலும் கிறவல் பாதை.

அடுப்பைப் பார்ப்பது சாப்பாட்டுக்கு முன்

பந்திக்கு ஒரு மணி நேரம் முன்பே போய்விடுங்கள். உண்ட பிறகு நடக்க மனம் வராது.

காட்டுக்குள் மரத்திலிருந்து மரத்துக்கு நீலக் குழாய்கள் ஓடும். வாளி தொங்கும் மரங்கள் இன்று பெரும்பாலும் காட்சிக்குத்தான். குழாய்க்குள் காற்றை உறிஞ்சி வெற்றிடம் வைத்திருப்பார்கள். பிள்ளைகள் அதில் தொங்கினால் மூட்டு கழன்று காற்றுப் புகும், அந்த வரிசை முழுதும் ஓட்டம் குறையும். இதைப் பிள்ளைகளிடம் காரிலேயே சொல்லி வையுங்கள்.

துளையிடும் மரம் குறைந்தது 20 சென்ரிமீற்றர் விட்டம் இருக்க வேண்டும். அந்தப் பருமனுக்கு வளர நாற்பது ஆண்டு ஆகும். துளை 4 முதல் 5 சென்ரிமீற்றர் ஆழம். பருவம் முடிந்ததும் மரம் அதைத் தானே மூடிக்கொள்ளும், மறு ஆண்டு வேறிடத்தில் துளைப்பார்கள்.

மரத்திலிருந்து வரும் நீர் பார்வைக்கு வெறும் தண்ணீர்தான். சர்க்கரை இரண்டு மூன்று வீதமே. ஒரு லீற்றர் பாணிக்கு ஏறக்குறைய 40 லீற்றர் நீர் காய வேண்டும். தமிழகத்தில் பதநீர், யாழ்ப்பாணத்தில் கருப்பநீர் என்று சொல்கிற பனை நீரில் சர்க்கரை பத்து வீதத்துக்கு மேல். அதனால் பனங்கட்டி காய்ச்சிய கைகளுக்கு இந்தக் கணக்கு மலைப்பாக இருக்கும். பனை நீர் புளிக்காமலிருக்க முட்டியில் சுண்ணாம்பு தடவுவோம். இங்கே குளிரே அந்த வேலையைச் செய்கிறது. வெயில் ஏறிய நாளில் சேர்த்த நீரை அன்றே காய்ச்சாவிட்டால் இதுவும் கெடும்.

காய்ச்சும் தொட்டி அகலமானது, தடுப்புகளால் பிரித்தது. ஒரு முனையில் நீர் நுழையும், தடுப்புகளைச் சுற்றிச் சுற்றி வந்து மறுமுனைக்குப் போவதற்குள் கெட்டியாகும். தண்ணீர் கொதிக்கும் வெப்பத்தைவிட 4 பாகை செல்சியஸ் கூடியதும், அதாவது ஏறக்குறைய 104இல், அது பாணி. சர்க்கரை அளவு 66 பிரிக்ஸ், அதாவது எடையில் 66 வீதம். அனுபவசாலி வெப்பமானியைப் பார்ப்பதற்கு முன் அகப்பையைத் தூக்கிப் பார்ப்பார். சொட்டுச் சொட்டாக விழுந்தால் இன்னும் நீர். விளிம்பில் சேர்ந்து அகலமான ஏடாக வழிந்தால் இறக்க வேண்டிய நேரம். சற்று முன்னால் இறக்கினால் போத்தலில் புளிக்கும். தாமதித்தால் அடியில் கற்கண்டாகப் படியும்.

நுரை பொங்கும்போது ஒரு துளி வெண்ணெயோ கொழுப்போ விடுவார்கள், நுரை சட்டென்று அடங்கும். கண்டிப்பான சைவர் இதையும் கேட்டுக்கொள்ளலாம். பாதி காய்ந்த சூடான நீரை "ரெதுயி" என்று கோப்பையில் தந்தால் மறுக்காதீர்கள். இளஞ்சூட்டில் இலேசான தித்திப்பு, கூடவே விறகு வாசம். குளிரில் நின்ற தொண்டைக்கு அதைப்போல இல்லை.

மேசையில்

முன்பின் தெரியாதவர்களோடு ஒரே நீள மேசையில் உட்கார வைப்பார்கள். பாத்திரங்கள் நடுவே வரும், அவரவர் எடுத்துப் பக்கத்தில் தள்ள வேண்டும். தீர்ந்தால் மறுபடி வரும், கேட்க வெட்கம் வேண்டாம். மேசையில் ஒரு குவளை நிறைய மேப்பிள் பாணி இருக்கும். அது கிரெப்புக்கு மட்டும் அல்ல. ஹாமிலும் ஒம்லெட்டிலும் பீன்ஸிலும் ஊற்றுவதற்குத்தான்.

முதலில் பாணும் கிரெத்தோனும் வினிகரில் ஊறிய பீட்ரூட்டும் வரும், பிறகு சூப். சூப்பை அரைக் கோப்பையோடு நிறுத்துங்கள். பட்டாணி வயிற்றில் ஊறி உப்பும். பாண் ஒரு துண்டு போதும்.

பிறகு முக்கிய உணவு ஒரேயடியாக வந்து இறங்கும்: சூளையில் உப்பி எழுந்த ஒம்லெட், ஹாம், பாணியில் புரட்டிய சொசேஜ், பீன்ஸ், உருளைக்கிழங்கு. கூடவே "ஒரேய் த கிறிஸ்". உப்புப் போட்ட பன்றிக் கொழுப்பை மெல்லியதாக வெட்டி, உப்பு இறங்க அவித்து, பின் பொரித்தது. காதுபோல் சுருண்டு மொறுமொறுவென்றிருக்கும். பெயரின் பின்பாதி கியூபெக்காரர் கோபத்தில் சொல்லும் வசைச்சொல். இதை வெறுமனே கடித்தால் உப்பு அடிக்கும். பாணியில் ஒரு முனையைத் தொட்டுக் கடியுங்கள்.

அந்த உப்பும் இனிப்பும் ஒன்றை ஒன்று பிடித்து நிறுத்துவதுதான் இந்தச் சாப்பாட்டின் முழு விஷயம். பீட்ரூட்டும் வெள்ளரி ஊறுகாயும் கொழுப்பை வெட்ட வைத்தவை. ஒவ்வொரு இரண்டு வாய்க்கும் ஒரு துண்டு எடுத்தால் கடைசிவரை திகட்டாது. மிளகாய்த்தூள் பொட்டலம் பையில் கொண்டுபோகும் நம்மவர்கள் இருக்கிறார்கள். பீன்ஸ் அதைத் தாங்கும், ஆனால் முதல் ஒரு கரண்டியாவது அப்படியே உண்டு பாருங்கள்.

கடைசிச் சுற்றில் கிரெப், சர்க்கரைப் பை, பாணியிலேயே அவித்த மாவுருண்டை "கிரான் பேர்" (பெயரின் பொருள் தாத்தாக்கள்), வேலையில்லாதவர் புட்டிங் என்று பொருள்படும் "பூடிங் ஷோமர்". எல்லாவற்றிலும் ஒரு கரண்டி, அதற்கு மேல் வேண்டாம். வெளியே பனியில் ஒன்று காத்திருக்கிறது.

நீரிழிவு உள்ள பெரியவர்களுக்கு ஒரு வார்த்தை: இயற்கையானது என்பதால் இது சர்க்கரை இல்லை என்றாகிவிடாது. ஒரு மேசைக்கரண்டிப் பாணியில் ஏறக்குறைய 12, 13 கிராம் சர்க்கரை உண்டு. ஒம்லெட்டும் ஊறுகாயும் தேத்தண்ணியும் போதும் என்று முன்பே முடிவெடுத்தால் மேசையில் மனம் தடுமாறாது.

பனியில் ஊற்றும் "தீர்"

கொட்டிலுக்கு வெளியே மரத்தொட்டியில் பனியை இறுக்கி நிரப்பியிருப்பார்கள். பாணியை இன்னும் காய்ச்சி அதன்மேல் கோடு கோடாக ஊற்றுவார்கள், அது இறுகி இழுபடும் மிட்டாயாவதுதான் "தீர்". பத்து வினாடி பொறுங்கள். ஒரு நுனியில் குச்சியை அழுத்தி, மெல்லச் சுருட்டிக்கொண்டே போங்கள். அவசரப்பட்டால் நூலாக இழுபட்டு மேலங்கியில் ஒட்டும். ஊற்றும்போது அது 114 பாகை. பனிமேல் படாத பாகத்தைப் பிள்ளைகள் தொட்டால் தோல் வெந்துவிடும்.

வீட்டிலும் இதைச் செய்யலாம். ஒரு 540 மில்லிலீற்றர் ரின் பாணியை நாலு லீற்றர் கொள்ளும் உயரமான பாத்திரத்தில் ஊற்றுங்கள், ஏனென்றால் பல மடங்கு பொங்கும். விளிம்பில் சுற்றிவர வெண்ணெய் தடவுங்கள். நடுத்தரத் தீ, கிளறக் கூடாது. கிளறினால் பொருபொருவென்று சீனியாகிவிடும். 112 முதல் 114 பாகைக்குள் இறக்குங்கள். வெப்பமானி இல்லாவிட்டால் அதிரசத்துக்குப் பார்க்கும் உருட்டுப் பதம்தான்: குளிர்ந்த நீரில் ஒரு சொட்டு விட்டு விரலால் திரட்டினால் மெத்தென்ற உருண்டை வர வேண்டும். பதம் முந்தினால் பனிக்குள் ஊறி மறையும். பிந்தினால் கண்ணாடிபோல் இறுகிப் பல்லில் அடைத்ததைப் பெயர்த்துவிடும்.

வாங்கி வருவது

புறப்படுமுன் ஒன்றிரண்டு ரின் வாங்குவீர்கள். பாணிக்கு வரி இல்லை. நாலு நிறம் உண்டு. பொன்னிறம் பருவத் தொடக்கத்தில் வருவது, சுவை மென்மை, தயிருக்கும் ஐஸ்கிரீமுக்கும் ஏற்றது. அம்பர் நிறம் மேசைக்கு. கருநிறமும் மிகக் கருநிறமும் பிந்தி வருபவை, சமையலுக்கு. பனங்கட்டி ருசி பழகிய நாக்கு கருநிறத்தைத்தான் விரும்பும். விலை கூடியது என்பதற்காகப் பொன்னிறத்தை வாங்கிப் பிறகு சப்பென்று இருக்கிறது என்று சொல்ல வேண்டாம்.

கடைகளில் "பான்கேக் சிரப்" என்று விற்பது சோளப்பாகில் நிறமும் மணமும் சேர்த்தது. கியூபெக்காரர் அதைக் கேலியாக "சிரோ த போதோ" என்பார்கள்: மின்கம்பத்திலிருந்து இறக்கிய பாணி.

ஊருக்குக் கொண்டுபோகிறவர்கள் ரின்னைப் பெரிய பெட்டிக்குள் வையுங்கள். விமான நிலையத்தில் பாணி திரவக் கணக்குத்தான், கைப்பையில் 100 மில்லிலீற்றருக்கு மேல் விடமாட்டார்கள். 540 மில்லிலீற்றர் பாணி 700 கிராமுக்கு மேல் நிற்கும், எடைக் கணக்கில் சேருங்கள்.

திறந்த ரின்னை அப்படியே வைக்காமல் கழுவி உலர்த்திய கண்ணாடிப் போத்தலுக்கு மாற்றிப் பிரிட்ஜில் வையுங்கள். வெளியே வைத்தால் மேலே பூசணம் படரும். நீண்ட நாள் இருக்க வேண்டுமென்றால் உறைபெட்டியிலேயே வைக்கலாம். அது கல்லாக உறையாது, கரண்டியால் வழித்து எடுக்க வரும்.